ஹேர் ஃபாலுக்கு மாத்திரை... ரிப்போர்ட்டில் தைராய்டு! பிளட் டெஸ்ட் நம்பருக்குப் பின்னால் இருக்கும் கெமிக்கல் கதை

காலை 7 மணி. வெறும் வயிறு. பக்கத்து டீக்கடையில் இருந்து வரும் வாசனையைக் கஷ்டப்பட்டு ஒதுக்கிவிட்டு, லேப் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் ரப்பர் கட்டு. 'சுருக்'கென ஒரு குத்து. குத்தியது ஒரு தடவைதான். ஆனால் நிரப்புவது மூணு, நாலு டியூப். ஒன்றுக்குச் சாம்பல் நிற மூடி, இன்னொன்றுக்கு ஊதா, அடுத்ததுக்கு மஞ்சள். 'ஒரு டெஸ்ட்டுக்கு இத்தனை ரத்தமா?' என்று மனசுக்குள் புலம்பிவிட்டுக் கிளம்பிவிடுகிறீர்கள்.

சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் வருகிறது. பத்து நம்பரில் ஒன்று மட்டும் தடித்த எழுத்தில் இருக்கு. பக்கத்தில் 'ஹை' என்று ஒரு குறி. அவ்வளவுதான், ராத்திரி தூக்கம் போச்சு. கூகுளில் தேடினால் அது நேராகப் பெரிய வியாதிக்குத்தான் கூட்டிக்கொண்டு போகும். அது அதன் பழக்கம்.

காலையில் கொடுத்த ரத்தத்துக்கும் சாயங்காலம் வந்த நம்பருக்கும் நடுவில் என்ன நடந்தது? இது தெரிந்தால், அந்த நம்பரை எப்போது நம்பணும், எப்போது 'கொஞ்சம் இரு' என்று சொல்லணும் என்பது புரியும். சிலருக்கு இது வெறும் பொது அறிவு விஷயமாக நின்றுவிடாது. தேவையில்லாத மாத்திரையை விழுங்காமல் தப்பிக்கும் வழியும் இதில் இருக்கு.

கலர் மாறினால்தான் கதை தெரியும்

ரத்தத்தில் கரைந்திருக்கும் சர்க்கரைக்கு நிறம் கிடையாது. கிரியாட்டினினுக்கும் கிடையாது. கண்ணால் பார்க்க முடியாத ஒரு பொருளை அளக்க வேண்டுமென்றால், அதைத் தேடிப் பிடித்து வினைபுரிந்து, கண்ணுக்கோ மெஷினுக்கோ தெரிகிற மாதிரி ஏதாவது ஒரு மாற்றத்தைக் காட்டும் ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர்தான் ரீஏஜென்ட்.

உங்களுக்கு இவர் புதுசு இல்லை. ஸ்கூல் லேபில் பெனிடிக்ட் கரைசல் என்று நீலமாக ஒன்று வைத்திருப்பார்களே, ஞாபகம் இருக்கா? சர்க்கரைக் கரைசலை அதில் விட்டுச் சூடாக்கினால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் சிவப்பு. ரெக்கார்ட் நோட்டில் எழுதி மார்க் வாங்கியதோடு நாம் அதை மறந்துவிட்டோம். ஆனால், உங்கள் தாத்தா பாட்டிக்குச் சர்க்கரை நோய் இருந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். குளுக்கோமீட்டர் வீட்டுக்கு வருவதற்கு முன்பு, அந்த நீலக் கரைசலில் சில சொட்டுச் சிறுநீரை விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, 'இன்னைக்கு என்ன கலர்?' என்று பார்த்துத்தான் பல வீடுகளில் சர்க்கரையைக் கணித்தார்கள்.

அதில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மி.கி.யைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். அதனால் கலர் நீலமாகவே இருந்தாலும் '150 இல்லை' என்று சொல்ல முடியாது. இரண்டாவது சிக்கல்தான் சுவாரஸ்யம். பெனிடிக்ட் கரைசலுக்கு குளுக்கோஸ் என்ற பெயரெல்லாம் தெரியாது. அதில் இருப்பது தாமிரம். அந்தத் தாமிரத்துக்கு எலெக்ட்ரானைக் கொடுக்கும் எந்தப் பொருள் வந்தாலும் அது கலர் மாறும். பால் கொடுக்கும் தாயின் சிறுநீரில் வரும் பால் சர்க்கரை வந்தாலும் மாறும். நிறைய வைட்டமின் சி வந்தாலும் மாறலாம்.

ரீஏஜென்ட்டின் குணமே இதுதான். அதற்கு உங்களைத் தெரியாது, உங்கள் வியாதியும் தெரியாது. தனக்குப் பிடித்த வேதியியல் குணம் உள்ள எது எதிரில் வந்தாலும் கை குலுக்கிவிடும். நூறு வருஷத்துக்கும் மேலாக லேப் விஞ்ஞானிகள் செய்துவருவது, அதை இன்னும் கொஞ்சம் கறாரான ஆளாக மாற்றும் வேலை.

டியூப் மூடியிலேயே வேலை ஆரம்பம்

ரீஏஜென்ட் லேபுக்குள் போன பிறகுதான் வரும் என்று நினைக்கிறோம். இல்லை. உங்கள் ரத்தம் முதலில் சந்திக்கும் கெமிக்கல், அந்தக் கலர் மூடி டியூபுக்குள்ளேயே இருக்கிறது. அடியில் வெள்ளையாகப் பொடி மாதிரியோ, ஒரு துளி நீர் மாதிரியோ தெரியும். அடுத்த முறை உற்றுப் பாருங்கள்.

சாம்பல் மூடிதான் சர்க்கரைக்கு. அதற்குள் இருப்பது சோடியம் ஃபுளோரைடு. பல டூத் பேஸ்ட்களில் கொஞ்சூண்டு இருக்கும் அதே சரக்கு. இங்கே அதற்கு என்ன வேலை? உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்த செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்குப் பசிக்கும். டியூபில் கூட வந்திருக்கும் சர்க்கரையை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்துவிடும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவிகிதம் வரை சர்க்கரை குறையும். சூடு கூடினால் வேகமும் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் வயிற்றில் 126 என்பது சர்க்கரை நோய் என்று முடிவெடுக்கும் கோடு. உங்களுக்கு உண்மையிலேயே 126 இருக்கிறது. ரத்தம் தவறான டியூபில் இரண்டு மணி நேரம் பிரிக்கப்படாமல் கிடந்தால், லேபுக்குப் போய்ச் சேரும்போது அது 110 பக்கம் இறங்கியிருக்கும். 'ஓ, நார்மலுக்குக் கொஞ்சம் மேலதான்' என்று சந்தோஷமாக அல்வா சாப்பிடப் போய்விடுவீர்கள். செல்கள் சர்க்கரையை உடைக்கும் பாதையில் ஒரு என்சைமைப் பூட்டிப்போட்டு, இந்தத் திருட்டை நிறுத்துவதுதான் ஃபுளோரைடின் வேலை. அதுவும் உடனே முழுசாக நிறுத்தாது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் நழுவத்தான் செய்யும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் ஐஸ் பேக் போட்ட பெட்டியோடு பைக்கில் பறப்பதற்கு ஒரு காரணம் இது. அந்தப் பெட்டி இல்லாமல், டியூப்களைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒருவர் கிளம்பினால், தாராளமாகக் கேள்வி கேளுங்கள்.

ஊதா மூடியில் இ.டி.டி.ஏ. ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். இது அந்தக் கால்சியத்தை நண்டு மாதிரி கவ்விப் பிடித்துக்கொள்ளும். ரத்தம் உறையாமல் இருக்க, செல்களை எண்ணலாம். ஹீமோகுளோபின், பிளேட்லெட், மூணு மாத சராசரி சர்க்கரை எல்லாம் இதிலிருந்துதான். மயோனைஸ் பாக்கெட்டிலும் ஷாம்பு பாட்டிலிலும் பின்பக்க லேபிளைப் படிக்கும் பழக்கம் உண்டென்றால், இதே பெயரை அங்கேயும் பார்த்திருப்பீர்கள்.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. லேபுக்கு வரும் இ.டி.டி.ஏ பொட்டாசியம் உப்பாக வரும். மஞ்சள் டியூபில் ரத்தம் பத்தவில்லை என்று யாராவது ஊதா டியூபில் இருந்து கொஞ்சம் ஊற்றிவிட்டால், ரிப்போர்ட்டில் பொட்டாசியம் வானத்துக்கு ஏறும். கால்சியம் பாதாளத்துக்குப் போகும். அந்த நம்பரோடு ஒருவர் எழுந்து நடமாடவே முடியாது. ஆனால் நீங்களோ ஜாலியாக ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அனுபவமுள்ள லேப் டாக்டர் இதைப் பார்த்ததும் பிடித்துவிடுவார். டியூப்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில்தான் நிரப்பணும் என்ற விதியும் இதற்காகத்தான்.

நீல மூடியில் சிட்ரேட். எலுமிச்சம் புளிப்புக்குச் சொந்தக்காரர். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட், கோடு வரைக்கும் கச்சிதமாக நிரம்பணும். கொஞ்சம் குறைந்தாலும் கணக்கு கெட்டுவிடும். 'சாரி, இன்னொரு தடவை குத்தணும்' என்று டெக்னீஷியன் சொன்னால் கோபப்படாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

பூஞ்சையும் முள்ளங்கியும் சேர்ந்து போடும் ரோஸ் கலர்

இப்போது லேபுக்குள் போவோம். சர்க்கரை டெஸ்ட்டையே எடுத்துக்கொள்ளலாம். நம் ஊரில் சின்ன லேப்களில் அதிகம் பயன்படும் முறைக்கு 'ஜி.ஓ.டி - பி.ஓ.டி' என்று பெயர். ரிப்போர்ட்டில் சர்க்கரைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

ஜி.ஓ.டி என்பது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற என்சைம். எங்கிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையில் இருந்து. வெங்காயத்தை உரிக்கும்போது தோல் மேலே கரிப்பொடி மாதிரி கறுப்பாக அப்பியிருக்குமே, பெரும்பாலும் அதுதான். (கொரோனா நேரத்தில் பயமுறுத்திய கறுப்புப் பூஞ்சை இது இல்லை, அது வேற குடும்பம்.) பி.ஓ.டி என்பது பெராக்ஸிடேஸ். இது குதிரை முள்ளங்கி என்கிற ஐரோப்பியக் கிழங்கில் இருந்து வருகிறது. கடுகுக்கும் முள்ளங்கிக்கும் ஒன்றுவிட்ட உறவு. சுஷி தட்டில் 'வசாபி' என்று பச்சையாக ஒரு உருண்டை வைக்கிறார்களே, அதில் நிறைய இடங்களில் நிஜ வசாபியே கிடையாது, இந்தக் கிழங்குதான். ஆக, உங்கள் சர்க்கரையை அளக்க ஒரு பூஞ்சையும் ஒரு கிழங்கும் கூட்டணி.

பூஞ்சை என்சைம், குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடிக்கும். பெனிடிக்ட் மாதிரி கண்டவனோடு கை குலுக்காது. பிடித்து ஆக்ஸிஜனோடு சேர்க்கும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு உருவாகும். புண்ணைக் கழுவும்போது நுரைக்குமே, அந்த மருந்துதான். அடுத்து முள்ளங்கி என்சைம் அந்தப் பெராக்ஸைடை வாங்கி, ரீஏஜென்ட்டில் காத்திருக்கும் இரண்டு நிறமில்லாத பொருள்களை ஒன்றாக இணைக்கும். ரோஸ் கலர்! சர்க்கரை எவ்வளவு அதிகமோ, ரோஸ் அவ்வளவு அடர்த்தி.

இதற்குத் தேவையான ரத்த நீர் எவ்வளவு தெரியுமா? 10 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதை 1 மில்லி ரீஏஜென்ட்டில் விட்டு, 37 டிகிரியில் சுமார் 10 நிமிஷம் வைக்கிறார்கள். பிறகு அதன் வழியே 505 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை அனுப்பி, எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டது என்று மெஷின் பார்க்கும்.

அந்த ஒளி அளவில் இருந்து 95, 140 என்ற நம்பர் எப்படி வருகிறது? அதில் பெரிய மந்திரமெல்லாம் இல்லை, எட்டாம் வகுப்பு குறுக்குப் பெருக்கல்தான். சரியாக 100 மி.கி. சர்க்கரை உள்ள ஒரு கரைசலைப் பக்கத்திலேயே இதே மாதிரி ஓட்டுவார்கள். அதற்கு ஒளி விழுங்கல் 0.300 வந்து, உங்களுக்கு 0.285 வந்தால், உங்கள் சர்க்கரை 95. உங்களைத் தூங்கவிடாமல் செய்த நம்பர் என்பது, 'அந்த 100-ஐவிட உங்க ரோஸ் எவ்வளவு கம்மி, எவ்வளவு ஜாஸ்தி' என்ற ஒப்பீடுதான்.

அப்படியானால் அந்த 100-ம் ரீஏஜென்ட்டும் சரியாக இருக்கணும் இல்லையா? இந்த ரீஏஜென்ட் 2 முதல் 8 டிகிரி ஃபிரிட்ஜில் இருக்கவேண்டிய பொருள். வெளியே கிடந்து பாட்டிலுக்குள்ளேயே ரோஸாக மாற ஆரம்பித்தால் குப்பைக்குத்தான் போகணும். அதனால்தான் நல்ல லேப்களில், முதல் நோயாளியின் ரத்தத்தைத் தொடும் முன்பு, விடை ஏற்கெனவே தெரிந்த 'கன்ட்ரோல்' மாதிரியை ஓட்டிப் பார்ப்பார்கள். விடை எல்லைக்குள் வரவில்லையென்றால் அன்றைக்கு அந்த டெஸ்ட் ஓடக் கூடாது. வேலூர் சி.எம்.சி-யின் கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி துறை இதையே பெரிய அளவில் செய்கிறது. விடை சொல்லாத மாதிரிகளை நாடு முழுக்க உள்ள லேப்களுக்கு அனுப்பி, 'நீங்க டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க, சரியான்னு பார்க்கலாம்' என்று கேட்கும் தர மதிப்பீட்டுத் திட்டம். லேப்களுக்கான மாதத் தேர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(பெரிய மருத்துவமனைகளில் ஹெக்ஸோகைனேஸ் என்று இன்னொரு முறை உண்டு. அதில் ரோஸும் வராது, ஒன்றும் வராது. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியில் மெஷின் மட்டும் பார்க்கும். நமக்குக் கலர் இருந்தால்தான் கதை, அதனால் தாண்டிப் போவோம்.)

கிட்னி டெஸ்ட்டில் ஒரு வெடிமருந்து

கிரியாட்டினினுக்கு வாங்க. 1886-ல் மாக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர், கிரியாட்டினினோடு காரம் கலந்த பிக்ரிக் ஆசிட்டைச் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் வருகிறது என்று கண்டுபிடித்தார். இன்றைக்கும் ஏராளமான லேப்களில் இதே வினைதான் ஓடிக்கொண்டிருக்கு. விலை மலிவு என்பதுதான் முக்கிய காரணம். பிக்ரிக் ஆசிட் யார் தெரியுமா? முதல் உலகப் போரில் குண்டுகளுக்குள் அடைத்த வெடிமருந்து. உலர்ந்துபோனால் இப்போதும் ஆபத்துதான். அதனால் ஈரமாகவே வைப்பார்கள்.

பிக்ரிக் ஆசிட் கொஞ்சம் பழைய காலத்து ஆள் என்பதால் பெனிடிக்ட் குணம் இதற்கும் உண்டு. மிக அதிகமான சர்க்கரை, கீட்டோன்கள், வைட்டமின் சி, செஃபலோஸ்போரின் வகையில் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் என்று மற்றவர்களோடும் கொஞ்சம் கொஞ்சம் கலர் காட்டும். உண்மையில் இல்லாத கிரியாட்டினினை இருப்பதாகச் சொல்லும். இதைத் தவிர்க்க என்சைம் முறை வந்துவிட்டது. காசு கொஞ்சம் கூட.

ஜிம் போகிறவர்கள் இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். நீங்கள் ஷேக்கரில் கலக்கிக் குடிக்கும் கிரியாட்டின், உடம்பில் தானாகவே கிரியாட்டினினாக மாறும். உங்களுக்குச் சதையும் அதிகம். முந்தின நாள் ராத்திரி அரைக் கிலோ மட்டன் வேறு. ரிப்போர்ட்டில் 1.4 என்று வந்தால் ரீஏஜென்ட் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அது அங்கே இருக்கிறது. ஆனால் அது கிட்னி கெட்டுப்போனதால் வந்ததா என்பதை ரீஏஜென்ட்டால் சொல்ல முடியாது. டாக்டரிடம் பவுடர் விஷயத்தைச் சொன்னால், தேவைப்பட்டால் சிஸ்டாட்டின் சி என்று சதையைச் சாராத வேறு டெஸ்ட் எழுதித் தருவார். சொல்லாவிட்டால் அவர் என்ன செய்வார், பாவம்?

டவல் போட்டு இடம் பிடிக்கும் பயோட்டின்

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். முடி கொட்டுது என்று இன்ஸ்டாவில் பார்த்து ஒரு கம்மி, ஒரு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதவர்கள் இந்தத் தலைமுறையில் கம்மிதான். அதன் நாயகன் பயோட்டின், அதாவது வைட்டமின் பி7. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 30, 40 மைக்ரோகிராம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 5,000, 10,000 என்று இருக்கும். தேவையைவிட நூறு மடங்குக்கும் மேல். மிச்சம் சிறுநீரில் போய்விடும் என்பதால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால், கெடுதல் உடம்பில் நடக்காமல் லேபில் நடக்கலாம்.

தைராய்டு மாதிரி ஹார்மோன்கள் ரத்தத்தில் துளியூண்டுதான் இருக்கும். அதற்குக் கலர் ரீஏஜென்ட் போதாது; ஆன்டிபாடி வேண்டும். பல கம்பெனிகளின் கிட்டில் அந்த ஆன்டிபாடியின் வாலில் பயோட்டினைக் கட்டிவிடுகிறார்கள். ஏன் பயோட்டின்? ஸ்ட்ரெப்டாவிடின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதற்கும் பயோட்டினுக்கும் இடையே உள்ள பிடிப்பு, இயற்கையில் உள்ள மிக வலுவான ஒட்டுதல்களில் ஒன்று. ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய குட்டி மணிகளைப் போட்டால், பயோட்டின் வால் உள்ள ஆன்டிபாடி வந்து ஒட்டும். ஒட்டாததைக் கழுவி ஊற்றிவிட்டு, மிச்சம் இருப்பதில் இருந்து வரும் ஒளியை அளப்பார்கள். அருமையான ஐடியாதான்.

உங்கள் ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிரம்பி வழிந்தால்?

தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேடு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வழியே டவலைப் போட்டு எல்லா சீட்டையும் யாரோ பிடித்துவிட்டார்கள். டிக்கெட் வாங்கி வரிசையில் வந்தவருக்கு இடம் இல்லை. மணியின் மேல் உள்ள சீட்டெல்லாம் ஹேர் ஃபால் மாத்திரை பயோட்டின் பிடித்துக்கொண்டது. டி.எஸ்.ஹெச்-ஐப் பிடித்துக்கொண்டு வந்த ஆன்டிபாடி நிற்க இடமில்லாமல் கழுவும்போது அடித்துச் செல்லப்படுகிறது. ஒளி குறைவு. மெஷின் சொல்கிறது: டி.எஸ்.ஹெச் ரொம்பக் கம்மி.

கூத்து இத்தோடு முடியவில்லை. டி3, டி4 டெஸ்ட்கள் வேறு மாதிரியானவை. அவற்றில் ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். அங்கேயும் சீட் இல்லை, அங்கேயும் ஒளி குறைவு. மெஷின் சொல்கிறது: டி4 ரொம்ப ஜாஸ்தி.

டி.எஸ்.ஹெச் கம்மி, டி4 ஜாஸ்தி. எந்த மருத்துவப் புத்தகத்தைத் திறந்தாலும் இது ஹைப்பர்தைராய்டு. இரண்டு தவறும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லி, ஒரு பக்காவான வியாதியை உருவாக்கிவிட்டன. மெஷினில் கோளாறு இல்லை, லேப் ஆட்கள் தூங்கவில்லை, கன்ட்ரோல் கச்சிதம். வளர்சிதை மாற்றக் கோளாறுக்காக அதிக அளவு பயோட்டின் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு, இல்லாத தைராய்டு நோய் இருப்பதாக ரிப்போர்ட் வந்த சம்பவம் மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கு. பயோட்டினை நிறுத்தியதும் 'நோய்' காணாமல்போனது.

தைராய்டாவது மெதுவாக நடக்கும் விஷயம். இதே மாதிரி கிட் மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் டெஸ்ட்டிலும் உண்டு. அங்கே பயோட்டின் நம்பரைக் குறைத்துக் காட்டும். அதாவது, மாரடைப்பு வந்தவருக்கு 'இல்லை' என்று வரலாம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. டிரோபோனின் தவறாகக் குறைவாக வந்ததைத் தொடர்ந்து ஒருவர் இறந்ததாகத் தகவல் வந்திருப்பதையும் அதில் சொன்னது. அதற்குப் பிறகு சில கம்பெனிகள் கிட்களை மாற்றி அமைத்துவிட்டன. எல்லா மெஷினிலும் இந்தப் பிரச்னை கிடையாது. ஆனால், உங்கள் தெரு லேபில் எந்த மெஷின், எந்த பேட்ச் கிட் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால், தைராய்டு டெஸ்ட்டுக்குப் போவதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். டோஸ் அதிகம் என்றால் இன்னும் சில நாள் ஆகலாம். டாக்டர் எழுதிக் கொடுத்து சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்தவேண்டாம், அவரைக் கேளுங்கள். 'மல்ட்டி வைட்டமின்தானே' என்று விட்டுவிடாதீர்கள். முடி, சருமம், நகம் என்று லேபிளில் படம் போட்ட எந்த டப்பாவிலும் இது இருக்க வாய்ப்பு அதிகம். நெஞ்சு வலி என்று எமர்ஜென்சிக்குப் போகும்போது இரண்டு நாள் காத்திருக்க முடியாது. அங்கே வாயைத் திறந்து 'இந்த மாத்திரை சாப்பிடுறேன்' என்று சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி.

வீட்டிலேயே நடக்கும் சின்னச் சின்னப் பொய்கள்

தண்ணீரில் போட்டால் 'புஸ்ஸ்' என்று பொங்கும் வைட்டமின் சி மாத்திரை குடிக்கிறீர்களா? சிறுநீர் ஸ்ட்ரிப்பில் சர்க்கரையைக் காட்டும் கட்டத்திலும் அதே பூஞ்சை - முள்ளங்கி கூட்டணிதான் இருக்கிறது. நடுவில் உருவாகும் பெராக்ஸைடை வைட்டமின் சி பிடுங்கிக்கொள்ளும். கலர் வராது. சர்க்கரை இருந்தும் 'இல்லை' என்று வரும். அதே ஸ்ட்ரிப்பில் ரத்தக் கசிவைக் காட்டும் கட்டத்துக்கும் இதே கதி.

அப்பாவுக்கோ பாட்டிக்கோ வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்ப்பது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு பாட்டி விரலை நீட்டினால், மீட்டர் விரலில் ஒட்டிய மாம்பழத்தையும் சேர்த்தே அளக்கும். 140 என்பது 240 என்று வந்து, இன்சுலினைக் கூட்டிப் போட்டுவிட்டால் வம்பு. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தபடி சமையலறை மேடையில் வைக்காதீர்கள். அதில் உலர்ந்து உட்கார்ந்திருப்பது ஒரு என்சைம். ஈரக்காற்று பட்டால் வீணாகிவிடும். குறைந்த விலைக்கு ஆன்லைனில் மொத்தமாக வாங்கும்போது காலாவதி தேதியையும் பாருங்கள்.

லேபில் ரத்தம் எடுக்கும்போது நரம்பு தெரியட்டும் என்று கையை மடக்கி மடக்கி விரிக்கிறோம் இல்லையா, அதுவே பொட்டாசியத்தைக் கூட்டிக் காட்டிவிடும். ஒரு தடவை மடக்கிப் பிடித்தால் போதும், பம்ப் அடிக்க வேண்டாம். வெறும் வயிறு என்றால் தண்ணீர் குடிக்கலாம். காபி கூடாது, சர்க்கரை போடாத காபியும் கூடாது.

இன்னொன்று. போன வருஷம் ஒரு லேப், இந்த வருஷம் ஆஃபர் கிடைத்தது என்று வேறு லேப். கிரியாட்டினின் 0.9-ல் இருந்து 1.1 ஆகிவிட்டதே என்று பதறும் முன், இரண்டு ரிப்போர்ட்டிலும் டெஸ்ட் பெயருக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றில் 'யாஃபே', இன்னொன்றில் 'என்சைமேட்டிக்' என்று இருந்தால் அந்த வித்தியாசம் உங்கள் கிட்னியுடையதாக இல்லாமல், ரீஏஜென்ட்டுடையதாகவும் இருக்கலாம். 'நார்மல்' எல்லை லேபுக்கு லேப் மாறுவதும் இதனால்தான். தொடர்ந்து கவனிக்க வேண்டிய டெஸ்ட் என்றால் ஒரே லேபில் எடுப்பது நல்லது.

அப்புறம், அடுத்த முறை லேப் கவுன்ட்டரில் பெயர், வயது, போன் நம்பர் மட்டும் கேட்டுவிட்டு உள்ளே அனுப்பினால், நீங்களே வலிய ஒரு வாக்கியம் சேருங்கள்: "அக்கா, நான் இன்னின்ன மாத்திரை, பவுடர் எடுத்துக்கிறேன், எழுதிக்கோங்க." வாயில் நுழையாத பெயர் என்றால் டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக் காட்டினால் போதும். ரிப்போர்ட்டைப் பார்க்கப்போகும் டாக்டரிடமும் அதே போட்டோவைக் காட்டுங்கள்.